வெயில் பட்டுத் திரும்பும் இடம்

படமெடுக்கச் சொல்லித்தரும் ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு விதி தவறாமல் இருக்கும். காலையில் எடு, மாலையில் எடு, உச்சி வெயிலில் மட்டும் எடுக்காதே. கண்குழி இருண்டுபோகும், மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை விழும், நெற்றி வெளுத்துவிடும் என்று காரணமும் சொல்லியிருக்கும். வெட்டவெளியில் நிற்கிற ஆளுக்கு அது முழுக்க உண்மை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுத்தே பிழைத்தவன் நான். நான் எடுத்த முகங்களில் நன்றாக வந்தவை பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் எடுத்தவை. அந்த முகங்கள் எதுவும் வெயிலில் நிற்கவில்லை. வெயில் தரையில் பட்டுத் திரும்பி வருகிற இடத்தில் இருந்தன.

இந்த ஒரு விஷயம் பிடிபடத்தான் பல வருஷம் ஆனது. ஃபிலிம், லென்ஸ், மீட்டர் எல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முன்பக்கம் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. உள்ளே வரைந்த திரையும் இரண்டு பெரிய விளக்குகளும். அதற்கும் உள்ளே ஹைப்போ வாசனை அடிக்கும் டார்க் ரூம். டெவலப்பர் கலக்குவது, பிரிண்டுகளை அலசிக் காயப்போடுவது, கல்யாண வீட்டுக்கு ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு போவது, இவைதான் என் வேலை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டுடியோவுக்குள் விளக்குப் போட்டு எடுத்தாலும் தனக்காக அவர் எடுத்த படங்கள் எல்லாமே வெளியே, இருக்கிற வெளிச்சத்தில் எடுத்தவை. கொக்கிரகுளத்துப் படித்துறை, ஆனித் திருவிழாத் தேர், மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவர்கள். அவற்றை அவர் யாருக்கும் விற்றதில்லை. காலியான போட்டோ பேப்பர் பெட்டிகளில் போட்டு பீரோவில் வைத்திருப்பார்.

மீட்டரை எனக்கு லேசில் கொடுக்கவில்லை. "ஏலே, அது பெறகு பாத்துக்கிடலாம். மொதல்ல கண்ணால சொல்லு" என்பார். ஸ்டுடியோவிலிருந்து டீக்கடைக்கு நடக்கிற தூரத்துக்குள் கேள்வி வந்துகொண்டே இருக்கும். இந்த ஓலைப் பந்தலுக்குக் கீழே எவ்வளவு, அந்தச் சைக்கிள் கடைக்குள்ளே எவ்வளவு, பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆச்சி முகத்தில் எவ்வளவு. நான் சொன்ன பிறகு அவர் மீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்.

அந்தக் காலத்தில் எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் இரண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஒன்று. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ இன்னொன்று. ஆர்வோ என்பி 22 என்றால் அதன் வேகம் 125 ஏஎஸ்ஏ. கணக்கு அதிலிருந்து தொடங்கும். மேகமில்லாத வெயிலில் ஷட்டர் 125, அதாவது விநாடியில் 125இல் ஒரு பங்கு; அப்பர்ச்சர் 16. கட்டட நிழலில், தலைக்கு மேல் வானம் தெரிகிறதென்றால் மூன்று ஸ்டாப் இறங்கி 5.6. தார்சா என்கிற முன்கூடத்துக்குள் வந்துவிட்டால் 4 அல்லது 2.8. பட்டாசல் என்கிற நடுக்கூடத்தில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் ஷட்டரை 30க்குக் குறைத்து 4. இரண்டாங்கட்டுக்கும் அடுக்களைக்கும் போனால் கையில் பிடித்து எடுப்பதே சிரமம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் திருநெல்வேலி வீடு ஒன்றை வாசலிலிருந்து புறவாசல் வரை ஒரு கணக்காகவே வாசித்துவிடலாம்.

கண்ணால் சொல்வது ஏன் கஷ்டம் என்றால், கண் இந்த வித்தியாசத்தை நமக்குக் காட்டுவதில்லை. நடுப்பகல் வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது. ராத்திரி ஒரு டியூப்லைட் எரிகிற அறையில் நூறு லக்ஸ் தேறினால் பெரிது. ஆயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது பத்து ஸ்டாப். ஆனாலும் இரண்டு இடத்திலும் நாம் பேப்பர் படிக்கிறோம், ஆளை அடையாளம் தெரிகிறது. கண் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடும். ஃபிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுகிறவன் தன் கண் சொல்வதை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். நிழலின் விளிம்பு கூர்மையா, கரைந்திருக்கிறதா? எதிரே உள்ளவரின் கருவிழியில் என்ன தெரிகிறது? விழியில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரிந்தால் வெளிச்சம் சிறிய இடத்திலிருந்து வருகிறது. வாசல் முழுசாகத் தெரிந்தால் பெரிய இடத்திலிருந்து வருகிறது. இன்றைக்கும் யாருடனாவது பேசினால் முதலில் அவர் கருவிழியைத்தான் பார்க்கிறேன்.

அளவு தெரிந்த பிறகு திசை. இதற்குத்தான் புத்தகங்கள் கைகொடுக்கவில்லை. வடக்கு ஜன்னலைத் தேடு, அதில் நேர் வெயிலே விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும் என்று ஐரோப்பிய ஓவியர்கள் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால் அது சரி. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைகூட இல்லை. சித்திரை பிறக்கிற சமயத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து அதற்கப்புறம் வடக்கே போய்விடும். ஆவணி நடுவில்தான் திரும்பவும் தலையைத் தாண்டித் தெற்கே வரும். அந்த நாலரை மாதமும் மதிய நிழல் தெற்குப் பக்கம் விழும். வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்க்கும். எனவே நம் ஊரில் சித்திரை முதல் ஆவணி வரை தெற்கு ஜன்னல், மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரே வீட்டுக்கு வெவ்வேறு மாதங்களில் போய்வந்ததில் தெரிந்துகொண்டது.

இன்னொன்றும் உண்டு. இந்த அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறும். புத்தகங்கள் புகழ்கிற காலைப் பொன்வெயில் இங்கே முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம். எட்டு மணிக்கெல்லாம் கடுமை வந்துவிடும். அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் நம்பினால் தொழில் நடக்காது. நாளின் மிச்சப் பகலை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை வீடுகளுக்குள் இருந்தது.

முற்றம் வைத்த பழைய வீட்டில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நின்று பாருங்கள். நடுவில் ஒரு சதுரம் வெயில் தரையில் விழுந்திருக்கும். அந்தச் சதுரத்துக்குள் யாரையாவது நிறுத்தினால் முகம் கெட்டது. அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஆறடி எட்டடி தள்ளி ஒருவரைத் தரையில் உட்காரவையுங்கள். வெயில் விழுந்த தரையே இப்போது விளக்கு. அது கீழிருந்து மெதுவாகக் கன்னத்துக்கும் தாடைக்கும் ஏறுகிறது. எதிர்ச்சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. முற்றத்துக்கு மேலே திறந்த வானம் நெற்றிக்கும் தலைமுடிக்கும் தருகிறது. மூன்று பக்கமிருந்தும் வந்தாலும் மூன்றும் ஒரே அளவில் இல்லை, அதனால் முகம் தட்டையாகவில்லை. கண்குழியில் இருள் இல்லை. வெயில் விழுந்த தரைக்கு மிக நெருங்கி உட்காரவைத்தால் மட்டும் கீழ்வெளிச்சம் கூடிப்போய் முகம் விகாரமாகும். அந்தத் தூரத்தைச் சரிபார்ப்பதுதான் வேலை. செட்டிநாட்டு வீடுகளில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர்கள், கண்ணாடிக்குப் பாதியாவது வெளிச்சத்தைத் திருப்பும். முற்றத்திலிருந்து இரண்டு அறை தள்ளிக்கூட அங்கே படமெடுக்க முடிகிறது.

திரும்புகிற வெளிச்சம் தான் பட்ட இடத்தின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு வரும். சிமெண்டுத் தரை என்றால் பாதகமில்லை. செங்காவித் தரை முகத்துக்குக் கொஞ்சம் சூடு தரும், அது பெரும்பாலும் அழகு. பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர் மட்டும் ஆகாது. நோயாளி நிறம் வந்துவிடும். கலர் ஃபிலிம் போட்டுக்கொண்டு பச்சைச் சுவர் வீட்டுக்குள் போனால், நான் முதலில் கேட்பது ஒரு வெள்ளை வேட்டி. கொடியில் வேட்டியை விரித்துப் போட்டால் சுவர் வெள்ளையாகிவிடும்.

இதையே சினிமாவில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒருவர் செய்திருக்கிறார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956இல் வந்தது. காசியில் இருக்கும் ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அந்த முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை ஆட்கள் மேல் அடிக்காமல் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நிஜ முற்றத்தின் வெளிச்சமாகவே இருந்தது. அவர் ஸ்டுடியோவில் முயன்று உண்டாக்கியது நம் வீடுகளில் தினமும் மதியம் சும்மா கிடைக்கிறது. தமிழில் இதைப் பார்க்க எனக்குக் கண் திறந்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர். 'மூன்றாம் பிறை'க்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியவர். ஆனாலும் அவர் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'வீடு'. அதில் நடித்த சொக்கலிங்க பாகவதரின் முகத்தில் விழுகிற வெளிச்சம் எந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் சொல்லிவிடலாம். அந்த முதியவர் எங்கேயோ நிஜமாக வசிக்கிறார் என்ற நம்பிக்கை அதனால் வருகிறது.

முகத்தின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கேமராவில் இருக்கும் மீட்டர் தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் கறுத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்தால், மீட்டர் சுவரின் வெளுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். அதன்படி எடுத்தால் சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். அண்ணாச்சி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும் வெளிச்சத்தில் தன் உள்ளங்கையைப் பிடித்து அதை மீட்டரில் பார்ப்பார். உள்ளங்கை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம். நடுத்தரச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பு. அதனால் மீட்டர் சொன்னதைவிட ஒரு ஸ்டாப் கூடத் திறந்தால் முகம் சரியாக வரும். தூத்துக்குடி உப்பளங்களில், கண்ணுக்கெட்டிய தூரமும் வெள்ளை, நடுவில் வெயிலில் கறுத்த முகங்கள் என்ற நிலையில், உள்ளங்கையைத் தவிர வேறு எதையும் நான் நம்பவில்லை. அங்கே உப்பு கீழிருந்து அவ்வளவு வெளிச்சத்தைத் திருப்புகிறது. படத்துக்கு அது வசதி. பாத்தியில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் கண்ணுக்கு அது வாதை. அவர்களைப் படமெடுக்கிற யாரும் இந்த இரண்டாவதை மறக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் ஃப்ளாஷுக்கு இவ்வளவு செல்வாக்கு வந்ததற்கு நிறமும் ஒரு காரணம். கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, புள்ள கறுப்பா விழுந்திரக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லாத கல்யாணம் குறைவு. நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால் முகம் வெளுக்கும், பின்னால் உள்ள மண்டபம் இருட்டாகும். அதுவே நல்ல படம் என்று பழகிவிட்டது. கலர் ஃபிலிமும் இதற்குத் துணைபோனது. லேபுகளில் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெகுகாலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மாநிறத்தையும் கறுப்பையும் பற்றி அந்த அட்டைக்குக் கவலை இல்லை.

கறுத்த தோல் படத்தில் நன்றாக வராது என்பது பொய். அதற்கு வேண்டியது அதிக வெளிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. கறுத்த தோல் தன்மேல் படும் வெளிச்சத்தை ஒரு மெல்லிய பளபளப்பாகத் திருப்பிக் காட்டும். வெளிச்சம் ஃப்ளாஷ் மாதிரிச் சின்ன இடத்திலிருந்து வந்தால் அந்தப் பளபளப்பு நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொட்டாக நிற்கும், வியர்வை இருந்தால் இன்னும் மோசம். அதே தோலுக்கு முன்னால் முற்றத்தையோ அகலமான வாசலையோ வெள்ளைச் சுவரையோ கொண்டுவாருங்கள். பளபளப்பு கன்னத்தின் வளைவு முழுக்கப் பரவி, எலும்பின் வடிவத்தையே காட்டும். வெளுத்த தோலில் இந்த அழகு வராது. கறுத்த முகங்களைப் போல வடிவம் காட்டுகிற முகங்கள் வேறில்லை என்பது இத்தனை காலம் படமெடுத்த பிறகு என் தீர்ப்பு. எத்தனையோ பெண்களின் அம்மாக்களிடம் இதை வாயால் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. பிரிண்டைக் கையில் கொடுத்த பிறகு சிலர் ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாண வீடுகளில் ஃப்ளாஷ் இல்லாமல் வேலை பார்ப்பது தனிப் போராட்டம். வீடியோக்காரர் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை மணமக்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சூட்டில் பெண்ணுக்கு வியர்க்கும், ஐயர் கண்ணைச் சுருக்குவார். முகூர்த்த நேரத்தில் அவரோடு சண்டை போட முடியாது. அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்வேன். பெண்ணுக்குத் தலை சீவி ஜடை வைக்கிற அறை, பந்திக்கு இலை துடைக்கிற இடம், மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற சிறுமிகள். ஹோமப் புகை எழும்பும்போது மண்டபத்தின் திறந்த கதவு புகைக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் புகையே வெளிச்சத்தைத் தாங்கிக்கொண்டு மேடை முழுக்கப் பரப்பும். வீடியோ விளக்கு அதன் முன்னால் ஒன்றுமில்லை.

கைவேலை செய்கிறவர்களிடம் நான் கற்றது அதிகம். பத்தமடையில் பட்டுப்பாய் நெய்கிற வீடுகளுக்குப் போயிருக்கிறேன். தாமிரபரணிக் கரைக் கோரையை மெலிதாகக் கீறி, ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வார்கள். நெய்கிற பெண்கள் தரையில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். வாசல் வழியாக வருகிற வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் பாவை நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரு அம்மா, "நேரா வெளிச்சம் விழுந்தா கோர எது, நூலு எதுன்னு கண்ணுக்குத் தெரியாது தம்பி" என்றார். சாய்ந்த வெளிச்சம் மட்டுமே ஒவ்வொரு கோரையின் ஓரத்திலும் ஒரு மெல்லிய நிழல் போடும். அந்த நிழலை வைத்துத்தான் அவர் இழையைப் பிரித்துப் பார்க்கிறார். பாயைப் படமெடுக்க வேண்டியவனுக்கு இதற்கு மேல் பாடம் தேவையில்லை. அந்த வீட்டில் நான் முக்காலியை அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற அதே கோணத்தில் வைத்தேன். நெசவு வீடுகளில் ஓட்டுக் கூரைக்கு நடுவே தறிக்கு மேலாக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தை ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களை இடம் மாற்றி உட்காரச் சொல்கிற போட்டோகிராபர் அந்த அறிவைத் தூக்கி எறிகிறார்.

கல்லுக்கும் இதே சட்டம்தான். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்துச் சிலைகளை ஃப்ளாஷ் போட்டு எடுத்த படங்கள் நிறைய உண்டு. குறவன் தோளில் இளவரசி, விலா எலும்பு, நகம், நரம்பு எல்லாம் அந்தப் படங்களில் ஒரே சமதளமாகிவிடுகின்றன. லென்சுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் நிழல் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாமல் செதுக்கு வேலை தெரியாது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளித்தரையில் விழுந்த வெயில் மண்டபத்துக்குள் தாழ்வாக நுழைகிற நேரத்துக்குக் காத்திருந்தால், நகக்கணு வரைக்கும் எழுந்து வரும். கல்வெட்டுக்கு இன்னும் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். 1858இல் மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த லின்னியஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவில் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை மட்டும் 21 நெகட்டிவ்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்றைக்கு அவருக்கு வெயிலைத் தவிர வேறு விளக்கு கிடையாது. அந்தப் படங்களின் அச்சுகளைப் பார்க்கிறபோதெல்லாம் நம் கையில் இத்தனை வசதிகளை வைத்துக்கொண்டு சாக்குச் சொல்லத் தோன்றுவதில்லை.

மங்கலான வெளிச்சத்தில் படமெடுப்பது பாதி உடம்பு வேலை. 50 எம்எம் லென்ஸை 60இல் யாரும் கையில் பிடித்து எடுக்கலாம். 15க்கு இறங்கினால் நிலைப்படியில் தோளைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த அந்த நொடியில் அழுத்த வேண்டும். கேமரா ஆடாவிட்டாலும் ஆள் ஆடுவார். பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் ஒரு சின்ன நிறுத்தம் வரும். அப்போது முகம் அசையாது. அதற்காகவே பேச்சைக் கவனிக்கப் பழகினேன். ஃப்ளாஷ் வைத்திருந்தால் இதெல்லாம் கற்றிருக்க மாட்டேன். ஃப்ளாஷ் ஒரு தடவை மின்னிவிட்டால், அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் படமெடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எடுப்பது உங்களுக்காக அவர்கள் வைத்துக்கொண்ட முகத்தை.

ட்ரை-எக்ஸ் ஃபிலிம் கையில் கிடைத்த பிறகு அதன் 400 ஏஎஸ்ஏவை 1600 என்று வைத்து எடுத்து, டி-76 டெவலப்பரில் நேரம் கூட்டிக் கழுவினோம். அதனால் ஃபிலிமின் வேகம் நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் வெளிச்சம் பட்ட இடங்களில்தான் அடர்த்தி கூடும். இருட்டில் இருந்தது இருட்டிலேயே இருக்கும். டெவலப்பரை எவ்வளவு நேரம் ஆட்டினாலும் ஃபிலிமில் பதியாத நிழல் வராது. நெடுநேரம் ஷட்டர் திறக்கும்போதும் ஃபிலிம் சோர்ந்துபோகும். மீட்டர் 10 விநாடி என்று சொன்னால் ட்ரை-எக்ஸுக்கு 50 விநாடி கொடுக்க வேண்டும். கார்த்திகை விளக்குகளை எடுக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விளக்குச் சுடரை மீட்டரில் பார்க்காதீர்கள், அதை ஏற்றுகிற பெண்ணின் கன்னத்தைப் பாருங்கள் என்பது இன்னொன்று. சுடர் வெளுத்துப்போனால் போகட்டும்.

2007இல் நிக்கான் டி3 என்ற டிஜிட்டல் கேமரா வந்தது. பழைய ஏஎஸ்ஏ கணக்கே இப்போது ஐஎஸ்ஓ; அதில் 6400 என்பது அன்றாட எண்ணாகிவிட்டது. நாங்கள் முக்காலியும் மூச்சுமாகச் செய்ததை இன்றைக்கு ஒரு கைபேசி செய்கிறது. இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. அடுக்களையில் இரவு சமைக்கிறவர்களை அந்த ஒற்றை பல்பு வெளிச்சத்திலேயே எடுக்க முடிகிறது. என் இளமையில் அது நடக்காது. ஆனால் எண் கூடினால் வெளிச்சம் நன்றாகிவிடாது. தலைக்கு மேலே எரிகிற டியூப்லைட்டில் ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் கண்குழி இருட்டாகத்தான் இருக்கும், ஜன்னலை நோக்கி அவரைத் திருப்பி உட்காரவைக்கிற வரைக்கும். போதாததற்கு டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் துடிக்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டரை 50இலோ 100இலோ வைத்தால் தப்பிக்கலாம். 500க்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டையும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கிறது. அணைத்துவிட்டு எடுக்கலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் ஒருவர் இறந்த பிறகு மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடுகிறோம். பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்று எடுத்த ஃப்ளாஷ் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீலம் ஒட்டி, பெரிதாக்குகிறார்கள். அந்த வேலையை ஸ்டுடியோவில் நானும் நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். படத்தை வாங்கிப் போகிற பிள்ளைகள் "அப்பா மாதிரியே இல்லையே" என்று சொல்லும்போது பதில் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை உயிரோடு இருக்கும்போதே எடுத்துவையுங்கள். பகல் பதினொரு மணிக்கு மேல், வெளியே வெயில் நன்றாக அடிக்கிற நாளில், வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி, தெருவைப் பார்த்து உட்காரவையுங்கள். வீட்டு விளக்குகளை அணையுங்கள். பவுடர் வேண்டாம். கைபேசியில் முகத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். அவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்டுப் பேசவிடுங்கள். பேசி நிறுத்துகிற இடத்தில் எடுங்கள். எடுத்ததை அழியாத தாளில் ஒரு பிரிண்ட் போட்டு வீட்டில் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.